பெரியம்மாவுக்கு இருந்த பதினைந்து வருஷம்

எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சி, எங்கள் வாயில் மிட்வைவ் அக்கா, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு என்னை ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு 35 வயதானதும் வீட்டுக்கு வந்து பெயரைப் பதிந்துவிட்டுப் போனவர், பிறகு சந்தையில், கோயில் வாசலில், ஒருமுறை நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்குள்ளும் கண்டு பிடித்து, "ரீச்சர், இன்னும் வரேல்லையே, ஒருக்கா வாங்கோ, பத்து நிமிஷம்தான்" என்று சொல்லுவார். நானும் விடைத்தாள் திருத்துகிற காலம், மகளுக்குக் காய்ச்சல், மாமி வீட்டில் விசேஷம் என்று ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொல்லித் தப்பிக்கொண்டே இருந்தேன். உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வைரஸ் எப்படிக் கலத்துக்குள் நுழைகிறது என்று பலகையில் படம் கீறிக் காட்டுகிறேன். வேலைப்பழு என்பது வெறும் சாட்டு, உண்மையில் வெட்கமும் பயமும்தான். அதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத மனம் வருகிறது.

போக வேண்டிய இடம் எம்.ஓ.எச் ஒபிஸில், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், நடக்கும் வெல் வுமன் கிளினிக். சுகவனிதையர் கிளினிக் என்றும் சொல்லுவார்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது, சுகமாக இருக்கிற பெண்கள் போகிற கிளினிக் அது. ஆனால் எங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் வருத்தம் வந்த பிறகு போகிற இடம். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, பிறகேன்?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள். என் பெரியம்மாவும் அதைத்தான் கேட்டார்.

பெரியம்மா 1950இல் பிறந்தவர், யாழ்ப்பாணத்தில் உடுவில் ஊர். 2006 கடைசியில், மாதவிடாய் நின்று ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு, திரும்ப இரத்தம் பட்டிருக்கிறது. சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறப்போட்ட தண்ணீர் குடித்தார், நல்லெண்ணெய் வைத்து முழுகினார், ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கே நாலு மாதத்துக்குப் பிறகுதான் தெரியும், அதுவும் துணி தோய்க்கிற இடத்தில் அம்மா தற்செயலாகக் கண்டதால். "இந்த வயசில இதை எந்த முகத்தோட டொக்டருக்குச் சொல்லுறது?" என்று பெரியம்மா அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் அப்போது ஏ.எல் படிக்கிறேன். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் யுத்தத்தால் பூட்டப்பட்டிருந்தது. தெல்லிப்பளையில் இன்றிருக்கிற புற்றுநோய் வைத்தியசாலை அப்போது இல்லை. அது 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து காசு சேர்த்த பிறகு வந்தது. கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இராணுவத்திடம் கிளியரன்ஸ் எடுத்து, காங்கேசன்துறையில் கப்பலுக்குக் காத்திருந்து, திருகோணமலை இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு. போய்ச் சேர்ந்தபோது நோய் கருப்பைக் கழுத்தைத் தாண்டிவிட்டது. 2008இல் செத்துப்போனார், 58 வயது.

நீண்ட காலம் நான் இதை யுத்தத்தின் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தேன். பாதை திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று. பாதையும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பிறகு இந்த வைரஸைப் பற்றி ஒழுங்காக வாசிக்கத் தொடங்கியபோது வேறொரு கணக்கு தெரிந்தது, அதுதான் என்னை நித்திரை இல்லாமல் செய்தது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி என்கிற மனித பப்பிலோமா வைரஸால் வருவது. அதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, ஆபத்தானவை பதினான்கு அளவில், அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு வகையும் சேர்ந்துதான் பத்தில் ஏழு பேருக்கு இந்தப் புற்றுநோயைக் கொண்டுவருகின்றன. வைரஸ் தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும், அவர்களுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது. தங்கினாலும் அவசரப்படாது. வைரஸின் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள் எங்கள் கலத்தின் காவல் புரதங்களைச் செயலிழக்கச் செய்து, கலம் மெல்ல மெல்லக் கட்டுப்பாடில்லாமல் பெருகி, புற்றுநோயாக முற்றுவதற்கு வழக்கமாகப் பதினைந்து இருபது வருஷம் எடுக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஐந்து பத்து வருஷத்திலும் வரலாம்.

பதினைந்து இருபது வருஷம். பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். 2006இல் இரத்தம் பட்டது என்றால், பெரியம்மாவுக்குள் அந்த மாற்றம் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே, அல்லது அதற்கும் முன்னால், தொடங்கியிருக்கும். அத்தனை காலமும் அவருக்கு ஒரு நோவும் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணி இறைத்தார், எங்களுக்குப் பனங்காய்ப் பணியாரம் சுட்டுத் தந்தார், என் சாமத்திய வீட்டுக்கு முன்னுக்கு நின்றார். அந்தப் பதினைந்து வருஷத்தில் எந்த ஒரு நாளிலாவது யாராவது பார்த்திருந்தால் ஒரு சின்னச் சிகிச்சையோடு முடிந்திருக்கலாம். இலங்கையில் வெல் வுமன் கிளினிக்குகள் 1996இல் தொடங்கின. எங்களுக்கு 1996 எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை, அதற்கு முந்தின வருஷம் ஒக்டோபர் 30ஆம் திகதி யுத்தத்தால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனது. எனக்கு அப்போது ஏழு வயது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் படுத்திருந்தோம். சரி, அந்த வருஷங்களை விடுவோம். 2002 சமாதான காலத்திலிருந்து 2006 வரை நாலு வருஷம் பாதை திறந்துதான் இருந்தது. அப்போதும் பெரியம்மா போகவில்லை, எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் போகவில்லை.

இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட கதையை வகுப்பில் சொல்லும்போது எனக்கு எப்போதும் உற்சாகம் வரும். 1842இல் ரிகோனி ஸ்டேர்ன் என்ற இத்தாலிய வைத்தியர் வெரோனா நகரத்து மரணப் பதிவுகளை எடுத்துக் கணக்குப் பார்த்து, கலியாணமான பெண்களுக்கு வருகிற இந்த நோய் கன்னியாஸ்திரிகளுக்கு மிக அரிதாகவே வருகிறது என்று எழுதினார். தொற்று ஒன்று இருக்கிறது என்ற சந்தேகம் அங்கே தொடங்கியது. 1970களில் பலர் அது ஹெர்பிஸ் வைரஸ் என்றே நம்பினார்கள். ஜேர்மனியில் ஹரால்ட் ட்சூர் ஹவுசன் மட்டும் இல்லை, பப்பிலோமா வைரஸைத்தான் தேட வேண்டும் என்று பல வருஷம் நின்றுபிடித்து, 1983இல் எச்.பி.வி 16ஐயும் அடுத்த வருஷம் 18ஐயும் புற்றுநோய்த் திசுவிலிருந்து பிரித்துக் காட்டினார். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரியம்மா செத்த அதே வருஷம். அந்த ஒற்றுமையை நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமான ஆராய்ச்சி ஐரோப்பாவில் நடந்ததில்லை. மகாராஷ்டிராவில் அப்போது உஸ்மானாபாத் என்று பெயர் இருந்த மாவட்டம், அங்கே 52 கிராமத் தொகுதிகள், 30இலிருந்து 59 வயது வரையான 1,31,746 பெண்கள். தாலி கட்டி, பிள்ளை பெற்று, வயலில் வேலை செய்து, ஒருமுறைகூட இந்தப் பரிசோதனை செய்யாத பெண்கள், அதாவது என் பெரியம்மாக்கள். 1999இல் தொடங்கி அவர்களை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எச்.பி.வி பரிசோதனை, ஒரு குழுவுக்குக் கலங்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பப் பரிசோதனை, இன்னொன்றுக்கு அசற்றிக் அமிலம் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் முறை, நாலாவது குழுவுக்கு வழக்கமான சேவை மட்டும். ஒரேயொரு தடவைதான் பரிசோதித்தார்கள், பிறகு எட்டு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். சங்கரநாராயணன் தலைமையிலான அந்தக் குழுவின் முடிவு 2009இல் வெளிவந்தது. பரிசோதனை இல்லாத குழுவில் 64 பெண்கள் இந்தப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். எச்.பி.வி பரிசோதனை செய்த குழுவில் 34. ஆயுளில் ஒரு தடவை செய்த பரிசோதனை சாவைக் கிட்டத்தட்டப் பாதியாக்கியிருக்கிறது. மற்ற இரண்டு முறையிலும் அந்த அளவு வித்தியாசம் காணவில்லை.

அந்த 64 என்ற எண்ணை என்னால் இலகுவாகத் தாண்ட முடியவில்லை. அந்தக் குழுவுக்குப் பரிசோதனை கொடுக்காமல் விட்டது சரியா என்று பலர் பிறகு கடுமையாகக் கேட்டார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பெண்களின் சாவும் சேர்ந்துதான் இந்த அறிவு எங்களுக்கு வந்திருக்கிறது. அப்படி வந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டு நான் திருவிழாக் கூட்டத்துக்குள் மிட்வைவ் அக்காவைக் கண்டு ஒளித்தேன் என்பது எனக்கு உறைத்த நாள் அன்றுதான், அந்தக் கட்டுரையை இரவு மூன்றாவது தடவை வாசித்தபோது.

தமிழ்நாட்டிலும் நடந்தது. திண்டுக்கல் பக்கம், அம்பிளிக்கை. பயிற்சி பெற்ற நேர்ஸ்மார் அந்த அமிலத்தைத் தடவிப் பார்த்து, வெள்ளையாக மாறுகிற இடத்துக்கு அங்கேயே சிகிச்சை கொடுத்தார்கள், அங்கே இறப்பு 35 வீதம் குறைந்தது என்று 2007இல் எழுதினார்கள். ஆக உஸ்மானாபாத்தில் பலன் காட்டாத முறை இங்கே பலன் காட்டியிருக்கிறது, யார் பார்க்கிறார்கள், எப்படிப் பழகினார்கள் என்பதிலேயே நிறையத் தங்கியிருக்கிறது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். மெஷின் பார்க்கிற எச்.பி.வி பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் இப்போது முதலாவதாகச் சொல்வதற்கும் அது ஒரு காரணம். பப் பரிசோதனையில் கண்ணாடித் துண்டில் பூசிய கலங்களை ஒரு மனிதர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும், களைப்படைந்த கண்ணுக்குத் தவறும். எச்.பி.வி பரிசோதனை வைரஸின் டி.என்.ஏ இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறது. இல்லை என்று வந்தால் ஐந்து வருஷத்துக்குத் தைரியமாக இருக்கலாம்.

அதற்காகப் பப் பரிசோதனை வேண்டாம் என்று யாரும் எடுக்க வேண்டாம். பல நாடுகளில் இந்த நோயால் வரும் சாவைப் பெருமளவு குறைத்தது அதுதான். அதைக் கண்டுபிடித்த பப்பனிக்கொலாவுக்கு அவருடைய மனைவி ஆந்த்ரோமாக்கிதான் வருஷக் கணக்காகத் தன் மாதிரிகளைக் கொடுத்திருக்கிறார். கிளினிக்கில் அந்த மேசையில் படுத்திருந்தபோது எனக்கு அவருடைய ஞாபகம் வந்தது.

ஆம், கடைசியில் போனேன். அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள், அதனால் அப்படியே எழுதுகிறேன். முதலில் நிறை, பிறஷர், சீனி பார்த்தார்கள். மார்பைப் பரிசோதித்துவிட்டு, வீட்டில் நாங்களே எப்படிப் பார்ப்பது என்றும் காட்டித் தந்தார்கள். பிறகு திரைக்குப் பின்னால் மேசை. முழங்காலை மடித்துப் படுக்க வேண்டும், மேலே துணி போர்த்திவிடுவார்கள். வாத்தின் சொண்டு மாதிரி ஒரு கருவியை மெதுவாக உள்ளே வைத்து விரிப்பார்கள், அது குளிராக இருக்கும், உடம்பை இறுக்கினால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், மூச்சை விட்டுத் தளர்த்தினால் அதுவும் இல்லை. ஒரு தட்டையான குச்சியால் கருப்பைக் கழுத்தைச் சுற்றித் துடைத்து எடுத்து, கண்ணாடியில் பூசுவார்கள். நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கி நூற்றைம்பது வருவதற்குள் முடிந்துவிட்டது. செய்தது ஒரு பெண் டொக்டர், முழுக்க என்னுடன் மகளின் படிப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டே செய்தார். ஒரு சதம் செலவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். என் ரிப்போர்ட் வர மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தது, வந்தபோது கலங்கள் போதாது, திரும்ப வரவும் என்று இருந்தது. இரண்டாம் தரம் போய்க் கொடுத்து, அதற்கும் காத்திருந்துதான் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ரீச்சராக இருக்கிற நான் திரும்பப் போனேன். நாட்சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு தரம் வந்த பெண் இரண்டாம் தரம் வருவாளா? இந்தத் தாமதத்தை யாரோ ஒருவர் பொறுப்பெடுத்துச் சரிசெய்யத்தான் வேண்டும், வெட்கத்தைத் தாண்டி வந்தவளை இப்படிக் காக்க வைப்பது மிகப் பெரிய பிழை.

இனி, எல்லாரும் வாய்க்குள் வைத்திருக்கிற கேள்வி. இது உடலுறவால் தொற்றுகிற வைரஸ். அப்போ இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் என்ன அர்த்தம்? மெல்பேர்னில் இருக்கிற என் மச்சாளுக்கு வந்தது. அவுஸ்திரேலியாவில் 2017 கடைசியிலிருந்து பப்புக்குப் பதிலாக ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எச்.பி.வி பரிசோதனைதான், 2022 நடுவிலிருந்து விரும்பினால் தாங்களே ஒரு பஞ்சுக் குச்சியால் மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம். அவளும் அப்படித்தான் கொடுத்தாள். வைரஸ் இருக்கிறது, 16உம் 18உம் இல்லாத வேறு வகை, பன்னிரண்டு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று வந்தது. அன்றிரவு எனக்குப் போன் எடுத்து விம்மி விம்மி அழுதாள். புற்றுநோய்க்காக இல்லை. "இவர் எங்கையோ போயிருக்கிறார்" என்று அவள் அழ, "இவளுக்கு முந்தி யாரோ இருந்திருக்கினம்" என்று அந்தப் பக்கம் அவள் கணவர் முகத்தைத் தூக்கி வைத்திருக்க, ஒரு வாரம் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நான் அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். உறவு வாழ்க்கை உள்ள ஆண் பெண் அனேகமாக எல்லாருக்கும் ஆயுளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் வந்து போகும். அது வருஷக் கணக்காக அடங்கிக் கிடந்து பிறகு பரிசோதனையில் தெரியலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய பரிசோதனை உலகத்தில் எங்கும் இல்லை. ஆகவே அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாரையும் விசாரிக்க முடியாது. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் திரும்பப் பார்த்தபோது அவளுக்கு வைரஸ் போயிருந்தது. அந்த ஒரு வாரத்தில் சொன்ன சொல்லுகள் போயினவா என்று எனக்குத் தெரியாது.

இதே விஷயத்துக்கு எங்கள் ஊரில் இன்னொரு முகம் இருக்கிறது, அதை நினைத்துத்தான் இந்தப் பதிவையே எழுதத் தொடங்கினேன். யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் எங்களிடம் எத்தனை பேர். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் ஒருவர், 52 வயது, கணவர் 2009இல் இல்லாமல் போனார். நான் கிளினிக் போன கதையைச் சொன்னதும், "எனக்கேன் பிள்ளை அது? நான் தனிய இருக்கிறவள், அங்க போனா சனம் என்ன கதைக்கும்?" என்றார். அவர் சொன்னதில் இரண்டு பயமும் இருக்கிறது. தனியே இருப்பதால் நோய் வராது என்ற நம்பிக்கை, போனால் பெயர் கெடும் என்ற பயம். ஆனால் பெரியம்மாவின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வைரஸ் தங்கிப் புற்றுநோயாக இருபது வருஷம் எடுக்கலாம் என்றால், 2009க்கு முந்தி தொற்றியது இப்போதுதான் முற்றுகிற வயதுக்கு வருகிறது. தாலி கழன்றதோடு வைரஸ் கழன்று போகாது. விதவை, பிரிந்து வாழ்கிறவர், பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனியே இருக்கிற அம்மா, இவர்களைத்தான் ஒருவரும் கூப்பிடுவதில்லை, பிள்ளைப்பேறு முடிந்த கையோடு மிட்வைவ்மாருக்கும் அந்த வீட்டுப் படலைக்குள் போக வேலை குறைந்துவிடுகிறது.

மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த மண் இது. மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி டொக்டர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரசவ வைத்தியம் வரை தமிழில் நூல் ஆக்கிவைத்தார். அப்படிப்பட்ட ஊரில் கருப்பைக் கழுத்து என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல என் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் தலை குனிகிறார்கள். நான் இப்போது அந்தப் பாடம் வரும்போது மூன்று தடவை உரத்துச் சொல்ல வைக்கிறேன்.

மகள் இந்த வருஷம் தரம் 6. பள்ளிக்கூடத்தில் எச்.பி.வி தடுப்பூசி போடச் சம்மதம் கேட்டுப் படிவம் வந்தது. 2017இலிருந்து எங்கள் நாட்டில் இந்த வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள், தொடங்கியபோது ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. அம்மாமார் வட்ஸ்அப் குழுவில் இது பிள்ளைப் பாக்கியத்தைக் கெடுக்கும் என்று ஒரு குரல் பதிவு சுற்றியது. அப்படி ஒன்றும் இல்லை, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்த ஊசி இது. ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். இந்தியாவில் ஒரு ஆராய்ச்சி 2010இல் இடைநடுவில் நிறுத்தப்பட்டு, பல பிள்ளைகளுக்கு ஒரு ஊசியோடேயே நின்றுபோனது. அந்தப் பிள்ளைகளை விடாமல் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது ஒரு ஊசியே 16, 18 இரண்டையும் நன்றாகத் தடுக்கிறது என்று தெரிந்தது, அவர்களில் அம்பிளிக்கைப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. நான் இதையெல்லாம் குழுவில் நீளமாக எழுதினேன். நாலு பேர் தனியாக மெசேஜ் போட்டு விவரம் கேட்டார்கள், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தில் கையெழுத்து வைக்கும்போது அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காவுக்கு இப்பிடி ஒண்டு இருந்திருந்தா" என்று தொடங்கி, முடிக்காமல் எழும்பிப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு அக்காவை நான் விடவில்லை. இரண்டு மாதமாகக் கதைத்தேன், சில நாள் கோபித்தார், சில நாள் பேச்சை மாற்றினார். நேற்றுப் பின்னேரம் மதிலுக்கு மேலால் கூப்பிட்டு, "சாறி கட்டிக்கொண்டு வாறதோ, என்ன உடுப்புப் பிள்ளை வசதி?" என்று கேட்டார். பாவாடை சட்டை சுகம் அக்கா என்று சொன்னேன். வியாழக்கிழமை கிளினிக், காலை எட்டரைக்கு என் ஸ்கூட்டியில் போகிறோம்.